லாப்ரடாரா, சிப்பிப்பாறையா? வேலூர் வெயிலுக்கும் எங்க வீட்டுக்கும் எது ஒத்துவரும்?

சத்துவாச்சாரி_வீடு

வணக்கம். நாய் வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு, எந்த இனம்னுதான் இழுபறி. பசங்க ரெண்டு பேரும் (9, 5 வயசு) லாப்ரடார்தான் வேணும்னு நிக்கறாங்க. வீட்டுக்காரர் சிப்பிப்பாறைன்றாரு. நம்ம நாட்டு இனம், வெயில் தாங்கும், செலவு கம்மின்னு அவர் கணக்கு.

நிலவரத்தைச் சொல்லிடறேன். சொந்த வீடு, தரைத்தளம். முன்னாடி கார் நிக்கற அளவுக்கு சிமெண்ட் தரை, பக்கவாட்டுல நாலடி சந்து, காம்பவுண்டு சுவர் நாலரை அடி. மேல மொட்டை மாடி. பகல்ல மாமியார் மட்டும்தான் இருப்பாங்க, முட்டிவலி இருக்கறதால நாயைப் பிடிச்சுக்கிட்டு நடக்க முடியாது. நான் ஒன்பது மணிக்குக் கிளம்பினா ஆறு மணிக்குத்தான் வருவேன், அவருக்கு ராணிப்பேட்டையில ஷிப்டு வேலை. காலைல முக்கால் மணி நேரம், ராத்திரி அரை மணி நேரம் நடத்திக் கூட்டிட்டுப் போக முடியும். பக்கத்து வீட்டுல ரெண்டு பூனை, எதிர் வீட்டுல கோழி. எது சரிவரும்?

வேப்பமர_நிழல்

இனத்தோட குணத்தைப் பேசறதுக்கு முன்னாடி நாலரை அடி சுவரைப் பேசிடலாம். சிப்பிப்பாறை தோள்பட்டை உயரம் ஏறக்குறைய ரெண்டடி, எடை 15லேர்ந்து 20 கிலோதான். கால் நீளம், உடம்புல கொழுப்பே இருக்காது. வளர்ந்த நாய் நாலரை அடி சுவரை ஓடிவந்து தாண்டும், அஞ்சடிக்கு முன்னங்காலை மேல ஊன்றி ஏறிடும். ஆறடி வேணும். சுவரை உயர்த்தாம மேல ஒன்றரை அடிக்கு கம்பி வலை அடிச்சாலும் போதும், ஆனா முள்கம்பி வேணாம். இதோட தோல் ரொம்ப மெல்லிசு, ஒரு கீறல்லயே தையல் போடற அளவுக்குக் கிழியும்.

அடுத்து பூனையும் கோழியும். இது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடற இனம். அசையற சின்ன உருவம் கண்ணுல பட்டதும் ஓடும், அந்த நேரத்துல கூப்பிட்டா காதுல ஏறாது. கீழ்ப்படியாத நாய்னு அர்த்தமில்ல, தலைமுறை தலைமுறையா முயலுக்குப் பின்னாடி சொந்தமா முடிவெடுத்து ஓடறதுக்குன்னே தேர்ந்தெடுத்து வளர்த்த நாய் அது. குட்டியிலேர்ந்து உங்க வீட்டுப் பூனையோட வளர்ந்தா அந்தப் பூனையை விட்டுடும். எதிர் வீட்டுக் கோழிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. வீட்டுக்குள்ள சிப்பிப்பாறை அளவுக்கு அமைதியான நாய் கம்மி. காலைல நல்லா ஓடிட்டு வந்தா பகல் முழுக்க தூங்கும். முடி கொட்டறது கம்மி, நாத்தம் கம்மி, அனாவசியமா குரைக்காது. உங்க மாமியாரோட பகலைக் கழிக்க லாப்ரடாரைவிட இதுதான் சுலபம். அதனால 'லாப் குடும்ப நாய், சிப்பிப்பாறை வேட்டை நாய்'னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க.

கோட்டை_அகழி

லாப்ரடாருக்கு ஓட்டு. அஞ்சு வயசுக் குழந்தை இருக்கற வீட்டுல வேற யோசனையே வேணாம். வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் ஒட்டிக்கும், தீனி காட்டினா எதை வேணா கத்துக்கும், பூனையைப் பாத்தா மோந்து பாத்துட்டு விட்டுடும். வெயில் ஒண்ணுதான் பிரச்சினை, அதுக்கு ஏற்பாடு பண்ணிக்கலாம்.

பாலாற்றங்கரை

"ஏற்பாடு பண்ணிக்கலாம்"னு ஒரு வார்த்தையில தாண்டிப் போற விஷயமில்லை அது. மே மாதம் வேலூரில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், சுற்றியிருக்கும் பாறை மலைகளால் இரவிலும் சூடு சீக்கிரம் இறங்காது. லாப்ரடாரின் முடி இரண்டு அடுக்கு: மேலே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு முடி, கீழே பஞ்சு போன்ற அடர்ந்த முடி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் குளிர்ந்த நீரில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழிவந்த இனம் என்பதால் அந்த உடை. நாய் தன் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் வெளியேற்றுகிறது. 25 கிலோ லாப் தாங்குகிற வெயிலை 38 கிலோவுக்குக் கொழுத்த லாப் தாங்காது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், மார்ச் நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை காலை நடை ஆறரைக்குள் முடிந்திருக்க வேண்டும், மாலை நடை ஏழரைக்குப் பிறகுதான். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. பகல் பதினொன்று முதல் ஐந்து வரை அது வீட்டுக்குள்தான், மின்விசிறிக்குக் கீழே, வெறும் தரையில். ஏர்கூலர் ஏப்ரல், மே மாதத்து வறண்ட வெயிலுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய அறையில் ஓட்டினால் ஈரப்பதம் ஏறி, மூச்சிரைப்பதால் கிடைக்கிற குளிர்ச்சியும் குறைந்துவிடும்.

மொட்டை மாடியில் நாயைக் கட்டும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. இந்த இரண்டு இனத்தில் எதற்கும் அது கூடாது. தகரக் கூரை போட்டுக் கொடுத்தாலும் கூடாது, தகரத்துக்குக் கீழே சூடு வெளியில் இருப்பதைவிட அதிகமாகிவிடும்.

வெயில் தாக்கினால் அடையாளம்: விடாத இரைப்பு, செக்கச்சிவந்த ஈறு, கோழை போல வழியும் எச்சில், தள்ளாட்டம், வாந்தி. இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். முதலில் குளிர வைக்கணும், பிறகுதான் வண்டி. குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக வயிறு, தொடை இடுக்கில் விடாமல் ஊற்றி விசிறியைப் போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடுவது தவறு, சில நிமிடத்தில் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து நடந்துவிட்டதே என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பும் ரத்தம் உறைவதில் கோளாறும் ஓரிரு நாள் கழித்துத் தெரியவரலாம்.

சத்துவாச்சாரி_வீடு

ரொம்ப நன்றி. சந்தேகம் சில இருக்கு. வெயில் காலத்துல லாப்புக்கு முடியை ஒட்ட வெட்டிடலாமா? சாப்பாடு ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்? வீட்டுல சோறு, தயிர், ஞாயித்துக்கிழமை கறி. அதுவே போதும்னு மாமியார் சொல்றாங்க.

வேப்பமர_நிழல்

முடியை மழிக்கவே கூடாது. வெயில் நேரா தோல்ல படாம தடுக்கறது அந்த மேல் முடிதான். மழிச்சா தோல் கருகும், மறுபடி முளைக்கறப்ப திட்டுத்திட்டா வரும். கீழடுக்கு முடியை சீவி எடுத்தாலே போதும். பிப்ரவரி, மார்ச்சுல அது கொத்துக்கொத்தா கழலும், அப்ப வாரத்துல மூணு நாள் சீப்பு பிடிங்க. மத்த மாசத்துல முடி கொட்டாதான்னு கேக்காதீங்க. லாப் வச்சிருக்கற வீட்டுல கறுப்பு பேண்ட் போட முடியாது, அவ்வளவுதான் சொல்லலாம்.

பாலாற்றங்கரை

சாப்பாட்டுக் கணக்கு பலரும் தப்பாக நினைப்பது. எடையைக் கிலோவில் எடுத்து அதன் முக்கால் அடுக்கை (கால்குலேட்டரில் எடை^0.75, முக்கால் மடங்கு இல்லை) 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி வரும். 30 கிலோ லாப்புக்கு அது 900 அளவில், 18 கிலோ சிப்பிப்பாறைக்கு 610 அளவில். வீட்டோடு இருக்கும், கருத்தடை செய்த லாப்புக்கு இதை 1.2 முதல் 1.4 வரை பெருக்கணும்: நாளைக்கு 1,100 முதல் 1,250. ஓடியாடும் சிப்பிப்பாறைக்கு 1.6 முதல் 1.8: நாளைக்கு 1,000 முதல் 1,100. எடையில் பன்னிரண்டு கிலோ வித்தியாசம், தட்டில் ஒரு பிடிதான் வித்தியாசம். நூறு கிராமுக்கு 350 கலோரி உள்ள உலர் தீனி என்றால் லாப்புக்கு 310–360 கிராம், சிப்பிப்பாறைக்கு 285–315 கிராம். இரண்டுக்குமே மாதம் ஏறக்குறைய 10 கிலோ மூட்டைதான். செலவு கம்மி என்ற கணக்கு தீனியில் நிற்காது. மூட்டு, காது, தோல் என்று மருத்துவச் செலவில் வேண்டுமானால் சிப்பிப்பாறை பக்கம் மிச்சமாகும்.

தயிர்சாதம் மட்டும் போதாது. புரதம் பற்றாது, வளரும் குட்டிக்கு சுண்ணாம்புச் சத்தும் பற்றாது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதே, களி போடலாமே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதை முழுசாக உடம்பில் சேர விடாது, புரதமும் நூறு கிராமுக்கு ஏழு கிராம்தான். களியும் பாலும் மட்டும் போட்டு வளர்க்கிற குட்டிகளுக்கு முன்னங்கால் வில்லாக வளைவது இதனால்தான்.

வளர்ந்த 30 கிலோ நாய்க்கு வீட்டுச் சமையல் என்றால் ஒரு நாளுக்குத் தோராயமாக: அரிசி 150 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி 300 கிராம் (இரண்டும் சமைக்கும் முன் எடை), ஈரல் 40 கிராம், முட்டை ஒன்று, பூசணி அல்லது கேரட் 100 கிராம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன், நைசாகப் பொடித்த முட்டை ஓடு 3 கிராம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. இதிலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி குறையும், அதற்கு மருத்துவரிடம் கேட்டு ஒரு சத்துத்தூள் சேர்க்கணும். எட்டு மாதத்துக்குக் கீழ் உள்ள குட்டிக்கு இந்தச் சமையல் வேண்டாம், பெரிய இனக் குட்டிக்கான தீனியே பாதுகாப்பு. அந்தத் தீனி போடும்போது கூடவே கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். லாப் குட்டிக்கு அளவுக்கு மீறிய கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

கோட்டை_அகழி

இதையும் மாமியார்கிட்ட சொல்லிடுங்க: ஒரு மேரி பிஸ்கெட் சுமார் 25 கலோரி. பத்து பிஸ்கெட் போனா ஒரு நாள் சாப்பாட்டுல அஞ்சுல ஒரு பங்கு போச்சு. லாப்ரடார்ல நாலுல ஒண்ணுக்கு ஏறக்குறைய, பசி அடங்கினதை மூளைக்குச் சொல்ற ஒரு மரபணுவே பழுதா இருக்கும். சாப்பிட்டு முடிச்ச அடுத்த நிமிஷம் பட்டினி கிடந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வந்து நிக்கும். நம்பிடாதீங்க.

வேப்பமர_நிழல்

அதோட ஆம்பூர் பிரியாணி மிச்சம். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த எலும்பு ஊசியா உடைஞ்சு குடலைக் குத்தும். தட்டை வழிச்சு நாய்க்குப் போடற பழக்கம் இருந்தா முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்க.

நம்ம பக்கத்துக்கே உரிய இன்னொரு எச்சரிக்கை. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வெட்டுத் துண்டு சும்மாவே கிடைக்கும், குட்டிக்குப் பல் முளைக்கறப்ப கடிக்கக் கொடுக்கலாம்னு சிலர் வாங்கிட்டு வருவாங்க. பதம் போட்ட தோல் குரோமியம் உப்புல ஊறினது, சாயம் ஏத்தினது. கொடுக்கக் கூடாது. கடைல விக்கற பச்சைத்தோல் எலும்பும் ஊறி வழுவழுன்னு ஆனதும் முழுங்கி அடைச்சுக்கும். கெட்டி ரப்பர் பொம்மை, இல்லன்னா உறைய வச்ச கேரட் கொடுங்க.

குடியாத்தம்_கயனி

அக்கா, நம்ம பக்கம் கொல்லையில சிப்பிப்பாறை வச்சிருக்கறவங்க நெறைய பேர் கீறாங்க. அத வச்சி சொல்றேன். இந்த நாய சங்கிலில கட்டிப் போட்டு வளக்கறதா இருந்தா வேணவே வேணாம். கட்டின நாய் ஒரு வருசத்துல ஆளப் பாத்தாலே மெரளும், இல்லன்னா கடிக்கும். தெனம் ஒரு தடவையாவது முழு வேகத்துல ஓட எடம் வேணும், வாரு புடிச்சி நடக்கறது அதுக்குப் பத்தாது.

எடம்னா சும்மா தெறந்த நெலம் இல்ல. கைப்பிடிச்சுவர் இல்லாத கெணறு பக்கத்துல இருந்தா அவுத்து உடாதீங்க. முயலு, ஓணான் எத தொரத்தினாலும் கண்ணு முன்னாடி பள்ளம் தெரியாது. சீமைக்கருவேல முள்ளு, பழைய முள்வேலி ரெண்டும் தொடைய கிழிச்சிடும். பாலாத்து மணல்ல ஓட உடறாங்க, மணல் காலுக்கு நல்லதுதான், ஆனா பாட்டில் சில்லு பாத்துக்கணும், தேங்கின தண்ணிய குடிக்க உடக் கூடாது. ரோட்டாண்ட உடறது பேச்சே இல்ல, ஒரு நிமிசத்துல பைபாஸுக்குப் போயிடும்.

வேட்டைக்கு உடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. முயல் அடிச்சாலும் 1972 வன உயிரினச் சட்டத்துல கேசுதான்.

சத்துவாச்சாரி_வீடு

அண்ணா, தினமும் அவுத்துவிட்டு ஓட வைக்க எங்களுக்கு இடமில்ல. பக்கத்துல ஸ்கூல் மைதானம் இருக்கு, ஆனா சுத்துச்சுவர் பாதிதான். அப்ப ராஜபாளையம்?

குடியாத்தம்_கயனி

அது இன்னும் பெருசுக்கா. ஒரு ஆளுக்கு அடங்கும், விருந்தாளி வந்தா சண்டை. பாதிச் சுவரு மைதானத்துல எதையும் அவுத்து உடாதீங்க.

வேப்பமர_நிழல்

ராஜபாளையத்தோட வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு வெயில்ல சீக்கிரம் வேகும். காது கேளாத குட்டிகளும் அந்த இனத்துல பிறக்கும், வாங்கறப்ப முதுகுப் பக்கம் நின்னு கை தட்டிப் பாக்கணும். காவலுக்கு அருமையான நாய், ஆனா முதல் தடவை நாய் வளக்கற வீட்டுக்கு இல்ல.

ஏலகிரி_மூடுபனி

மூணாவது வழியை யாரும் சொல்லல. தெருவுல பிறந்த நாட்டு நாய், ஒரு வயசு ஒன்றரை வயசு ஆனது. வெயில் தாங்கும், குணம் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், குட்டிச் சேட்டை முடிஞ்சிருக்கும். பகல்ல பெரியவங்க மட்டும் இருக்கற வீட்டுக்கு எட்டு வாரக் குட்டியைவிட வளர்ந்த நாய்தான் பொருத்தம். குட்டின்னா நாலு மாசம் வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூத்திரத்துக்கு வெளிய விடணும். முட்டிவலி உள்ளவங்க அதுக்குப் பின்னாடி குனிஞ்சு நிமிர்ந்து துடைக்கணும். லாப் குட்டின்னா நாலுலேர்ந்து ஆறு மாசம் வரை பல் மாறும், கைல கிடைச்சதைக் கடிக்கும். எட்டு மாசத்துலேர்ந்து ரெண்டு வயசு வரை 25 கிலோ எடையோட சந்தோஷத்துல மேல பாயும். விழுந்தா இடுப்பெலும்பு யாருடையது?

கோட்டை_அகழி

பாயறதை ஆரம்பத்துலயே நிறுத்தலாம். நாலு காலும் தரையில இருந்தாத்தான் தடவல், தீனி எல்லாம். மேல ஏறினா எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கணும். வீட்டுல ஒருத்தர் மட்டும் 'பரவால்ல, குட்டிதானே'ன்னு கொஞ்சினா மொத்தமும் வீண். சமையலறை வாசல்ல ரெண்டரை அடி மரத் தடுப்பு வச்சா பகல்ல மாமியார் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். கழுத்துப்பட்டை வேணாம், நெஞ்சுப் பக்கம் வளையம் இருக்கற மார்புவார் வாங்குங்க. இழுத்தா அதுவே திரும்பி உங்க பக்கம் வந்துடும்.

ஆனா ஏலகிரி சொல்றதுல ஒரு பாதி எனக்கும் சம்மதம். வளர்ந்த லாப்பையே எடுக்கலாம். ஊர் மாறிப் போறவங்க, ரெண்டு வயசு ஆனதும் சமாளிக்க முடியலன்னு விடறவங்க எப்பவும் இருக்காங்க.

ஏலகிரி_மூடுபனி

அப்படி எடுத்தா முதல்ல ரத்தப் பரிசோதனை, இடுப்பு எக்ஸ்ரே. 'இலவசமா கிடைச்சது'ன்னு எடுத்துட்டு மூட்டுக்கு மருந்து வாங்கறது நிறைய நடக்குது.

பாலாற்றங்கரை

உண்ணிக் காய்ச்சலைப் பேசாமல் இந்த ஊரில் நாய் வளர்ப்பைப் பேச முடியாது. இங்கே பழுப்பு நாய் உண்ணிதான் அதிகம். அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய் மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசல், கதவு நிலை, நாய்ப் படுக்கைக்கு அடியில்தான் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டி உண்ணி எடுத்தால் மட்டும் ஒழியாததற்குக் காரணம் இது. காம்பவுண்டு சுவரின் விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடையுங்கள், மழைக்கு முன்பும் பின்பும் சந்தில் மருந்தடியுங்கள், நாய்க்கு மருத்துவர் சொல்லும் மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். அஃபாக்ஸோலனர் மாதம் ஒருமுறை, ஃப்ளூராலனர் 12 வாரத்துக்கு ஒருமுறை. வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லணும்.

சாப்பாட்டை வெறுத்து, உடம்பு சுட்டு, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் அல்லது காப்பி நிறத்தில் சிறுநீர் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. உண்ணி பரப்புகிற எர்லிக்கியாவும் பபேசியாவும் வேறு வேறு கிருமி, மருந்தும் வேறு. மருந்துக்கடையில் கேட்டு டாக்ஸிசைக்ளின் இரண்டு நாள் கொடுத்துப் பார்ப்பது நோயை மறைக்கும். எர்லிக்கியாவுக்கு அது நான்கு வாரம் தொடரணும், பபேசியாவுக்கு அது மட்டும் போதாது.

சிப்பிப்பாறை எடுப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் செய்தி. கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்களுக்கு ரத்தத்தில் சிவப்பணு விகிதம் இயல்பிலேயே கூடுதலாகவும் தட்டணுக்கள் குறைவாகவும் தைராய்டு அளவு குறைவாகவும் இருக்கும். நம் நாட்டு ஓட்ட இனங்களுக்கும் அறிக்கையைப் பார்க்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. நாய் நலமாக இருக்கும்போதே ஒருமுறை ரத்த அறிக்கை எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டால், பிற்பாடு காய்ச்சல் வரும்போது ஒப்பிடலாம். மயக்க மருந்தும் அப்படியே: கொழுப்பு குறைந்த உடம்பு என்பதால் தயோபென்டோன் போன்ற மருந்தில் விழிப்பு வர நெடுநேரமாகும். அறுவை சிகிச்சைக்கு முன் "இது ஓட்ட இனம்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் ப்ரோபோஃபால், ஐசோஃப்ளூரேன் என்று மாற்றிக்கொள்வார்.

இன்னொன்று, விலா எலும்பு. சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது ஆரோக்கியம். லாப்புக்கு விலா கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் விரலை வைத்தால் தட்டுப்படணும். அமுக்கித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது.

சத்துவாச்சாரி_வீடு

எல்லாத்தையும் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். சுவரை உயர்த்தறதுக்கு அவர் ரெடி, ஆனா ஓட விட இடம் இல்லங்கறதுல அமைதியாயிட்டாரு. வளர்ந்த நாய்னா பசங்க முகம் வாடுது. லாப் குட்டி பக்கம்தான் சாயுது. மாமியாருக்காக முதல் மூணு வாரம் நான் லீவு போட முடியும். அதுக்கப்புறம் மதியம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போக பக்கத்துத் தெருவுல என் தங்கச்சி சரின்னு சொல்லியிருக்கா. குட்டி வாங்கறப்ப என்ன பாக்கணும்? மே லீவுல வாங்கினா பசங்க வீட்டுல இருப்பாங்கன்னு நினைக்கறோம்.

வேப்பமர_நிழல்

விளம்பரத்துல 'பஞ்ச் ஃபேஸ்' (அமுங்கின மூஞ்சி), 'ஹெவி போன்' (பருத்த எலும்பு)னு போட்டிருந்தா அடுத்ததுக்குப் போயிடுங்க. லாப்புக்குத் தேவை மிதமான எலும்பும் சரியான இடுப்பும்தான். அப்பா அம்மா ரெண்டு நாய்க்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்காங்களான்னு கேளுங்க, தாய் நாயைக் கண்ணால பாக்காம வாங்காதீங்க. கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் பரம்பரையைச் சொல்லும், உடம்பைச் சொல்லாது. பேப்பர்ல இருக்கற மைக்ரோசிப் எண்ணும் குட்டியோட எண்ணும் ஒண்ணான்னு ஸ்கேனர் வச்சுக் காட்டச் சொல்லணும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கறது 2017 நாய் இனப்பெருக்க விதிப்படி தப்பு. 'முப்பத்தஞ்சு நாள் குட்டி, பால் குடி மறந்துடுச்சு'ன்னா அங்க வாங்காதீங்க. அந்த வயசுல தாயைப் பிரிஞ்ச குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு கூடப் பிறந்ததுங்ககிட்ட கத்துக்காமலே வந்துடும்.

டைல்ஸ் தரையில ரப்பர் பாய் விரிங்க. மூணு மாசத்துக்குள்ள தினமும் படியேறி இறங்கற குட்டிக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வர்ற வாய்ப்பு கூடுது. மாடிப்படிக்குத் தடுப்பு போடுங்க, தூக்கிட்டுப் போங்க.

பாலாற்றங்கரை

மே வேண்டாம். லீவு வசதிதான், ஆனால் எட்டு வாரக் குட்டிக்குச் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறைவு, பேருந்திலோ காரிலோ கொண்டுவரும் பயணமே ஆபத்து. ஆகஸ்டில் எட்டு வாரக் குட்டியாக எடுத்தால் கணக்கு நன்றாக உட்காரும். எட்டாவது வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை, 12 வாரம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. குடற்புழு மருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அக்டோபரில் ஊசி வரிசை முடிந்து தெருவில் இறக்கலாம். அதுவரை பார்வோ (குட்டிகளுக்கு வாந்தி, ரத்தப்போக்குடன் வரும் குடல் நோய்) பயம் இருக்கிறது, அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் 14 வாரம் வரைதான் உலகத்தைப் பயமில்லாமல் பழகும் வயது. அதனால் கையில் தூக்கிக்கொண்டு பேருந்துச் சத்தம், மாடு, தலைக்கவசம் போட்ட ஆள் எல்லாம் காட்டுங்கள். அடுத்த கோடை வரும்போது குட்டிக்குப் பத்து மாதம் ஆகியிருக்கும்.

குடியாத்தம்_கயனி

தீவாளி வெடிக்கு முன்னாடியே வெடி சத்தத்த போன்ல கம்மியா வச்சி, சோறு போடற நேரத்துல கேக்க உட்டு பழக்குங்க. பொங்கலுக்கு சுத்துப்பட்டு ஊருல எருது உடற விழா நடக்கும். கூட்டம், மைக்கு, பட்டாசு. சொந்த ஊருக்குப் போனா நாய உள்ள ரூம்ல பூட்டி வைங்க, வேடிக்கை பாக்க இழுத்துக்கினு போவாதீங்க.

ஏலகிரி_மூடுபனி

ஆகஸ்டுக்கு முன்னாடி ரெண்டு வேலை. கேட் கம்பி இடைவெளியை அளந்து பாருங்க, எட்டு வாரக் குட்டி நாலு அங்குலத்துல நுழைஞ்சு ரோட்டுக்குப் போயிடும். கீழ் ஒன்றரை அடிக்கு வலை கட்டிடுங்க. பக்கவாட்டுச் சந்து மேற்கு பார்த்ததா இருந்தா சாயந்தர வெயில் முழுக்க அங்கதான் இறங்கும். பச்சை நிழல் வலையை சுவருக்கு சுவர் எட்டடி உயரத்துல இழுத்துக் கட்டுங்க, தாழ்வா கட்டினா காத்து நின்னுடும்.

சத்துவாச்சாரி_வீடு

மேற்கு பார்த்ததுதான். வலை வாங்க அவரை இந்த ஞாயிறு அனுப்பறேன். தாய் நாயைப் போய்ப் பாக்கறப்ப எக்ஸ்ரே அறிக்கையையும் கேட்டு வாங்கி, என்ன எழுதியிருக்குன்னு இங்கயே போடறேன், பாத்துச் சொல்லுங்க.